கட்டைவிரல் அளவு துரு

குரு என்றால் தாடி, சீடன் என்றால் சின்னப் பையன் என்று எவரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் கதையின் குருவுக்குத் தாடிக்கு வழியில்லை, பெண். பெயர் சலோமி. கடலோர ஊர் ஒன்றின் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற எஸ்.ஐ. சீடரோ மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதுக்காரர். பெயர் கொம்பையா. ஏட்டு. முழங்கால் தேய்ந்துபோய், பந்தோபஸ்துக்கு நிற்க முடியாத ஆள். ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தே வேலை பார்க்கட்டும் என்று ஆயுதக் கிடங்குக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

வந்த முதல் நாள் சலோமி அவர் கையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து வாங்கினாள். வாங்கியதும் அதன் மேல்பாகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

"கை வேர்க்குமோ, ஏட்டையா?"

கொம்பையாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவருடைய ஆயுள் ரகசியம் அது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனையும். கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்துச் சுற்றி வந்தபோது அவள் மெல்லக் கையை உருவிப் புடவையில் துடைத்துக்கொண்டதை இன்றுவரை அவர் மறக்கவில்லை. யார் கைகுலுக்க வந்தாலும் முந்திக்கொண்டு சல்யூட் அடித்துவிடுவார். ரொம்ப மரியாதைக்காரர் என்று அதற்காகவே அவருக்குப் பெயர்.

"கொஞ்சம் வேர்க்கும் மேடம்."

"சிலருக்கு வேர்வையில உப்பு ஜாஸ்தி. இரும்புக்கு ஆகாது. அதுல தப்பு ஒண்ணுமில்ல. கையுறை போடுங்க. போடாம தொட்டா உடனே துடைங்க."

"இதான் பாடமா மேடம்?"

"இதான்."

"வேற?"

"இதுவே நிறைய, ஏட்டையா."

கொம்பையா மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பாத்திரம் துடைக்கிற வேலையை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறாளே என்று நினைத்தார். ஆனால் போகப்போக அந்தப் பெண்மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. ஒரு துப்பாக்கியைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்தால், எந்தப் பாகம் எவனுடைய சோம்பேறித்தனத்தால் தேய்ந்தது என்று சொல்லிவிடுவாள். சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டாள். பொல்லாதது அந்த உயர்த்தாத குரல்தான்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம், புதிதாகக் கைத்துப்பாக்கிகள் வாங்கப் போவதாகவும், கடல்காற்றுக்கு எந்த உலோகம், எந்தப் பூச்சு தாங்கும் என்று பார்த்துச் சொல்லும்படியும் தலைமையிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். சோதனைக்கான தகடுகளை வாங்கிவரச் சலோமி சென்னைக்குப் போனாள். கிடங்குச் சாவி கொம்பையா கையில்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மாசானம் வந்து சேர்ந்தார். மாசானம் அரிசி ஆலைக்காரர். கொம்பையாவின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவர். இன்னும் பேச்சு முடியவில்லை, வெற்றிலை மாற்றவில்லை. வேறு வேலையாக ஊருக்கு வந்தவர், சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று எட்டிப் பார்த்தார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே நோட்டம் விட்டார். மேஜை, நாற்காலி, எண்ணெய்ப் போத்தல், கிழிந்த துணிகள், ஒரு பெரிய சாவிக்கொத்து.

"சாவிக்கொத்துதான் உத்தியோகமா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். ஆனால் அது கொம்பையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "சும்மா இல்ல, இங்க இருக்க அத்தனையும் எம் பொறுப்பு" என்றவர், வாயோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய் அடுக்கைத் திறந்தார். இருப்பதிலேயே அழகான துப்பாக்கி எதுவென்று அவருக்குத் தெரியும். பிச்சுமணியுடையது. பிச்சுமணி ஓர் அதிகாரிக்கு மெய்க்காவல் போகிற கன்மேன். மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். பழைய காலத்துத் துப்பாக்கி. கருநீலமாக, மழைக்கால இரவுக் கடல்போல ஒரு நிறம். துருப்பிடிக்காமலிருக்க இரும்பில் ஏற்றுகிற அந்தப் பூச்சை ப்ளூயிங் என்பார்கள். ஒப்படைத்த அன்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பளிச்சுனு இருக்குடே" என்று கொம்பையாவே அவன் முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்.

கையுறை மேஜைமேல்தான் கிடந்தது. போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரி ஆள் மாதிரி இருப்போம் என்று பட்டது. வெறுங்கையால் எடுத்தார். குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். அந்த மட்டில் அவர் ஒழுங்கு. "அங்கனயே நில்லுங்க, தொடக்கூடாது" என்று மாசானத்திடம் ஓர் அதட்டல் போட்டார். அந்த அதட்டல் அவருக்கே பிடித்திருந்தது. துப்பாக்கியை உயர்த்தி, திருப்பி, இப்படியும் அப்படியும் காட்டினார். மாசானம் வாயைப் பிளந்து பார்த்தார்.

பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். துடைக்க மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பாதி உண்மை. சம்பந்தி முன்னால் துணியை எடுத்துத் துடைத்தால் கை வேர்க்கிற சங்கதி வெளியே தெரிந்துவிடுமே என்று கூசினார். வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று பூட்டினார். டீக்கடையில் மாசானம் நல்ல நாள் பார்க்கலாம் என்று சொல்லவும், அந்தச் சந்தோஷத்தில் மறந்தார்.

பிச்சுமணி லீவு முடிந்து வந்த அன்று விடியற்காலையிலேயே அதிகாரியின் வண்டி ஹாரன் அடித்தது. துப்பாக்கியை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு ஓடினான். கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கியவனும் பார்க்கவில்லை. அன்று முற்பகல் அவன் திரும்பி வந்த நேரம், டி.எஸ்.பி. யாருக்கும் சொல்லாமல் ஆயுதச் சோதனை வைத்தார்.

பிச்சுமணியின் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தார். திருப்பினார். இடது பக்கத்தில், கருநீலத்தின்மேல், கட்டைவிரல் அளவுக்குச் செந்நிறமாகத் துரு.

"இதை மீன் சட்டிக்குள்ளயா வச்சிருந்த?"

வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. பிச்சுமணி விறைப்பாக நின்று சொன்னான்.

"இல்லைய்யா. லீவுல போறப்ப துடைச்சுத்தான் குடுத்தேன்."

"அப்ப துரு தானா வந்துச்சா? வாங்கி வச்சது யாரு?"

கொம்பையா ஓரடி முன்னால் வந்தார். அவர் கண் அந்தத் துருவின்மேல் இருந்தது. மற்றவர்களுக்கு அது துரு. அவருக்கு அதில் சுழி தெரிந்தது, ரேகை தெரிந்தது. அந்த வினாடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வாங்கும்போது சுத்தமா இருந்துச்சா ஏட்டு?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். பிறகு என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கிடங்கில் இருந்தபோது எப்படி வந்தது, யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள். சம்பந்திக்கு வேடிக்கை காட்ட எடுத்தேன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"கவனிக்கலைய்யா" என்றார்.

பிச்சுமணி திரும்பிப் பார்த்தான். "ஏட்டையா, பளிச்சுனு இருக்குடேன்னு சொன்னியளே?"

"ஞாபகம் இல்லடே."

கன்மேன் வேலையிலிருந்து பிச்சுமணியை அங்கேயே இறக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை மைதானத்து ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. ஆயுதத்தைச் சலோமியிடம் கொடுத்து, துருவை எடுத்துச் சரிபண்ணி விசாரணைக்குக் கொண்டுவரச் சொன்னார் டி.எஸ்.பி. முந்தின இரவுதான் சென்னையிலிருந்து வந்திருந்த சலோமி, அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

அன்று கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் அவரைத் தின்றது. ஆனால் வெட்கப்படுகிற மனுஷன் உடனே திருந்திவிடுவான் என்று நினைத்தால் அது நம் ஏமாளித்தனம். முதலில் அவன் வழி தேடுவான். கொம்பையாவும் தேடினார். மறுநாள் காலை, சலோமி தகடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியோடு வந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இதுல எது மேடம் நிலைக்கும்?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"இல்ல, யோசிச்சுப் பாத்தேன். நம்ம ஊர்க் காத்துக்கு ப்ளூயிங்கே லாயக்கில்லன்னு நாம எழுதிக் குடுத்துட்டா, பிச்சுமணி மேலயும் தப்பு வராதுல்லா? பாவம், பிள்ளை பெத்த வீட்டுக்காரன்."

பிச்சுமணிக்காகப் பேசுவதுபோல்தான் ஆரம்பித்தார். பேசி முடிக்கும்போது அவருக்கே அது உண்மை மாதிரி இருந்தது. சலோமி அவரைப் பார்த்தாள்.

"கையுறையைக் கழட்டுங்க."

"மேடம்?"

"கழட்டுங்க. ஒவ்வொண்ணா கட்டைவிரல் வச்சு அழுத்துங்க. துடைக்க வேண்டாம்."

தீப்பெட்டி அளவுத் தகடுகள். ஒன்று ப்ளூயிங், ஒன்று பாஸ்பேட், ஒன்று நிக்கல் முலாம், ஒன்று குரோம், ஒன்று எவர்சில்வர். கூடவே, இப்போது பிடிப்பாகத்துக்குப் போடுகிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு. கொம்பையா ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை அழுத்தினார். தன் கை இவ்வளவு ஈரமாக இருப்பதை ஒரு பெண் பக்கத்தில் நின்று பார்க்கிறாளே என்று காது மடல் சுட்டது. மொட்டை மாடியில், மழை படாத தகரக் கூரைக்குக் கீழே, கடலைப் பார்க்க அவற்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம், "வாங்க, உங்க கேள்விக்குப் பதில் பாப்போம்" என்று சலோமி மாடிக்குக் கூப்பிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஏறினார்.

முதல் தகட்டைத் திருப்பினாள். கருநீலத்தின்மேல் ஒரு கட்டைவிரல், முத்திரை குத்தியதுபோல, சிவப்பாக.

"இது ப்ளூயிங். பார்க்க அழகு. எண்ணெய்த் துணி படுற வரைக்கும்தான் தாங்கும்."

"அதான் மேடம் நானும் சொன்னேன்."

"இது பாஸ்பேட். சொரசொரன்னு இருக்குல்ல? எண்ணெயைக் குடிச்சு வச்சுக்கும். நாம எண்ணெய் காட்டாம மாட்டினோம்." அதில் பழுப்பாக ஒரு நிழல் இருந்தது.

நிக்கல் முலாம் போட்ட தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. கொம்பையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதுக்கு ஒண்ணுமே ஆகலையே! இதையே எழுதிரலாம் மேடம்."

சலோமி கம்பி மாட்டிய துளையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள். முலாம் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. அடியில் செக்கச் செவேல் என்று இருந்தது.

"இது மேல பளபளன்னுதான் இருக்கும். ஒரு ஓரம் விட்டா போதும், உள்ள வேலை நடக்கும்."

கொம்பையா அடுத்த தகட்டைப் பார்த்தார்.

"இது குரோம். தேயவே தேயாது. ஆனா கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். உப்பு அது வழியா இறங்கிரும்." குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று புள்ளிகளைக் காட்டினாள். "இது எவர்சில்வர்." அவர் விரல் பட்ட விளிம்பில் டீக்கறை போல ஏதோ படிந்திருந்தது.

"எவர்சில்வருமா துருப்பிடிக்கும்?"

"ரொம்ப நாள் தாங்கும். மத்ததை விட நல்லதுதான். ஆனா அதோட பேரு கடல்காத்துக்குத் தெரியாதே, ஏட்டையா."

"பிளாஸ்டிக்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்குள்ள ஓடுற பட்டை இரும்புதானே, அது துருப்பிடிக்கும்."

கொம்பையா பெருமூச்சு விட்டார். தப்பித்துவிட்டோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. "அப்ப யாரு மேலயும் தப்பில்லன்னுதானே மேடம் அர்த்தம்? எல்லாமே துருப்பிடிக்குது. ஊரு அப்படி. பூச்சு அப்படி."

சலோமி கம்பியின் கோடியில் தனியாகத் தொங்கிய இன்னொரு தகட்டை அவிழ்த்தாள். கருநீலமாக, ஒரு கறையும் இல்லாமல், வாங்கிவந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"இது என்ன பூச்சு மேடம்?"

"ப்ளூயிங்தான்."

"இதை யாரும் தொடலையோ?"

"தொட்டாங்க. அன்னைக்கே பிச்சுமணியைக் கூப்பிட்டு, கட்டைவிரல் வச்சு அழுத்தி மாட்டிட்டு வான்னு குடுத்தேன்."

"அவனுக்கு வேர்க்காதோ என்னமோ."

"சுண்ணாம்பு வாளி தூக்கிட்டு வந்தவனுக்கு வேர்க்காதா? அழுத்தினான். பைக்குள்ளருந்து துணியை எடுத்துத் துடைச்சான். அப்புறம் மாட்டினான்."

"நீங்க துடைக்கச் சொன்னியளா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

காற்று தகடுகளை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் எழுப்பியது. கொம்பையா தலையைத் தூக்கவில்லை. கீழே மைதானத்து ஓரத்தில் பிச்சுமணி குந்தி உட்கார்ந்து கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு மனசு சொன்னது. தெரிந்தால் கேட்டிருப்பாளே என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டாவது மனசை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கிடங்குக்கு இறங்கியதும் சலோமி எண்ணெய்த் துணிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு விசாரணை. துருவை நீங்களே எடுத்து வச்சிருங்க. நான் ஸ்டோர் வரைக்கும் போயிட்டு வாரேன்."

போய்விட்டாள். துப்பாக்கியும் கொம்பையாவும் மட்டும் மிச்சம்.

கையுறையைப் போட்டுக்கொண்டார். எண்ணெயை விட்டு, மெல்லிய கம்பிப் பஞ்சால் தேய்த்தார். துரு சுலபமாக வந்தது. சிவப்பு கரைந்து துணியில் ஏறியது. அப்பாடா என்று துடைத்துப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். துரு போயிருந்தது. அது தின்ற இடத்தில் கருநீலமும் போயிருந்தது. வெள்ளை இரும்பில் அவருடைய கட்டைவிரல், சுழி சுழியாக, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அலமாரியில் சின்னப் போத்தல் ஒன்று உண்டு. நிறம் போன இடத்தில் தொட்டு வைத்தால் கருநீலம் ஏறிவிடுகிற மருந்து. ஒரு சொட்டு போதும். எழுந்து போய் எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். துப்பாக்கிக்கும் நல்லதுதான்.

"ஏட்டையா, குடிக்கத் தண்ணி இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே பிச்சுமணி. புருவமெல்லாம் சுண்ணாம்பு. கொம்பையா போத்தலைக் கையால் மறைத்துக்கொண்டு செம்பை எடுத்துக் கொடுத்தார். அவன் அண்ணாந்து குடித்தான். குடித்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு ஏட்டையா."

கொம்பையா போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சொன்னதைச் சொல்லலங்கியாரேன்னு. இப்ப அப்படி இல்ல. யோசிச்சுப் பாக்கேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு, பிள்ளை பொறந்துட்டுன்னு. கால் தரையில நிக்கல. அந்தச் சந்தோஷத்துல துடைக்காமலே குடுத்துட்டேனோ என்னமோ. துடைச்சேன்னு நானா நினைச்சுக்கிட்டேன் போல. நீங்களும் பளிச்சுனு இருக்குன்னு சொல்லியே இருக்க மாட்டீய. என் பிரமை." செம்பை ஜன்னலில் வைத்தான். "நாளைக்கு தப்பு எம் மேலதான்னு ஒத்துக்கிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

அவன் போய்விட்டான். கொம்பையா நின்ற இடத்திலேயே நின்றார். ஒருவன் வேலையைப் பறித்தது போதாதென்று, அவன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சேர்த்துப் பறித்திருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போத்தலை மூடி அலமாரியில் வைத்தார். வெள்ளை ரேகையின்மேல் எண்ணெய் தடவி, துப்பாக்கியைத் துணியில் சுற்றினார்.

வெள்ளிக்கிழமை அவர் டி.எஸ்.பி. அறைக்குப் போனபோது, வெளி பெஞ்சில் சலோமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப் பொட்டலம். மேலே ஒரு தகடு. சிவப்புக் கட்டைவிரல் பதிந்த தகடு.

"நீங்க உள்ள போகப் போறீங்களா மேடம்?"

"பிச்சுமணியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி போகணும்."

"போய்?"

"இதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்."

உள்ளே மணி அடித்தது. சலோமி எழுந்திருக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா இரண்டு கையையும் நீட்டினார். வெறுங்கை. வேர்வை வழிந்தது. மறைக்கவில்லை. அவள் பொட்டலத்தையும் தகட்டையும் அந்தக் கைகளில் வைத்தாள்.

உள்ளே என்ன நடந்தது என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் என் விரல்தான்யா" என்றார். டி.எஸ்.பி. ஏன் என்று கேட்டார். சம்பந்திக்குக் காட்டினேன் என்றார். அறையின் கோடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். துடைக்காதது ஏன் என்று டி.எஸ்.பி. கேட்டார். கை வேர்க்கிறது சம்பந்திக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்றார். இப்போது டி.எஸ்.பி.யே சிரித்துவிட்டார். அன்றைக்குக் கவனிக்கவில்லை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

கொம்பையாவுக்குக் கிடங்கு வேலை போனது. வெளிக்கேட்டில் வருகிற போகிற வண்டிகளைப் பார்க்கிற வேலை, மெமோ ஒன்றும் கூட. பிச்சுமணிக்குத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கிடங்கில் அவர் கடைசியாகச் செய்த வேலை அதுதான். கையுறை போட்டு, துடைத்து, கம்பிக் கதவு வழியாக நீட்டினார். பிச்சுமணி வாங்கித் திருப்பி, அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தான்.

"பளிச்சுனு இருக்குடேன்னு நீங்க சொன்னது நெசந்தானே ஏட்டையா?"

"நெசந்தான்."

பிச்சுமணி தலையை ஆட்டினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொம்பையாவுக்கு எவ்வளவோ இதமாக இருந்திருக்கும். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, எப்போதும் சொல்கிற "வாரேன் ஏட்டையா"வைச் சொல்லாமல் போனான்.

சலோமி மேஜையில் தலைமையிடத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் என்றும், கூடவே ஆளுக்கு இரண்டு எண்ணெய்த் துணி என்றும் எழுதியிருந்தாள். கொம்பையா சாவிக்கொத்தை அவள் முன்னால் வைத்தார். போகாமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"சோதனை நடந்த அன்னைக்கே பாத்துட்டியள்லா, என் விரல்னு?"

"பாத்தேன்."

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம். இல்ல, நீங்களே துடைச்சு, மருந்து வச்சு, ஐயாகிட்ட பேசி முடிச்சிருக்கலாம். அவனுக்கும் இத்தனை நாள் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். எனக்கும் இந்தச் சிறுமை வேண்டாம்."

சலோமி சாவிக்கொத்தைக் கையில் எடுத்தாள். ஈரமாக இருந்தது. துணியை எடுத்து, ஒவ்வொரு சாவியாகப் பொறுமையாகத் துடைத்தாள். வளையத்தையும் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"நான் துடைச்சிருந்தா துரு மட்டும்தான் போயிருக்கும், ஏட்டையா."